தொக்கணத் தொழிலின் தொன்மையும் பெருமையும்

மருத்துவ குலத்து அன்பர்காள்!

சவரக் கத்தியும் கத்தரிக்கோலுமே நம் முன்னோர்க்குரிய கருவிகள் என்று கருதுவார் பலர். அஃது உண்மையன்று. நம் குலத்து ஆடவர் நோய்க்கு மருந்து கொடுத்தும் புண்ணாற்றியும் வந்தனர். மகளிர் பேறுகாலம் பார்த்தனர். 1909-ஆம் ஆண்டில் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய பெருநூலிலும் இச்செய்தி காணப்படும். அன்னோர் கையாண்ட கலைகளுள் ஒன்று, எண்ணெயிட்டு உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணம். அதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சித்த மருத்துவ நூலார் அகமருந்து 32, புறமருந்து 32 என வகுத்தனர். புறமருந்துள் ஒன்றாகிய தொக்கணம், தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும். இப்பெயர்களே இக்கலையின் நுட்பத்தைக் காட்டுவன. தேரையர் நான்கு நாட்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு வேண்டுமென்றார். வடமொழியிற் சரகரும் சுசுருதரும் எண்ணெய் தேய்த்தலை நாட்கடன்களுள் ஒன்றாக வைத்தனர். கௌடிலியரின் அர்த்தசாத்திரம், அரசனை நீராட்டுவார்க்கும் மெய் பிடிப்பார்க்கும் தூய்மை வேண்டுமென விதிக்கின்றது. அரசன் மெய்யைத் தீண்டும் உரிமை நம்பிக்கைக்குரியார்க்கன்றி வாய்க்குமோ?

சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் நாடகத்தில் மெய்பிடிப்போன் ஒருவன் வருகின்றான். பாடலிபுத்திரத்திற் பிறந்து உச்சயினிக்கு வந்தவன் அவன். கலையென்று தான் கற்றது காலவயத்தாற் பிழைப்பாய் முடிந்ததென அவன் வருந்துவான். சூதாடிக் கெட்டுப் பின் புத்தத் துறவியாகி, நாடக முடிவில் தலைவி வசந்தசேனையின் உயிரைக் காப்பவனும் அவனே. புலவர் அவனை இழிந்தோனாகப் படைத்திலர்.

அப்பாடலிபுத்திரமே இன்றைய பாட்னா. அந்நகரில் 1759-இற் பிறந்தவர் சேக் தீன் மகமது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையிற் பணிபுரிந்து, 1784-இல் அயர்லாந்து சென்று, 1794-இல் தம் பயண வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆங்கிலத்தில் நூலெழுதி வெளியிட்ட முதல் இந்தியர் அவரேயென்பர். 1810-இல் இலண்டனில் இந்திய உணவுச்சாலை ஒன்று நிறுவி, 1812-இல் நொடித்துப்போனார். பின்னர் 1814-இற் பிரைட்டன் என்னும் கடற்கரை நகரை அடைந்து, நம் நாட்டுக் கைத்தொழிலையே துணையாகக் கொண்டார். மூலிகை கலந்த நீராவியில் நோயாளியைக் கம்பளிக் கூடாரத்துள் இருத்தி, அதிலமைத்த துணிக்கைகளின் வழியே கையை நுழைத்து உடம்பைப் பிடித்துவிடுவார். நலமடைந்தோர் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் அவர் குளிப்பகச் சுவரில் தொங்கின. 1822-இல் இச்சிகிச்சை பற்றி நூலெழுதினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய மன்னர் இருவர்க்கும் பணிபுரியும் பேறு பெற்று, 1851-இற் காலமானார்.

அவர் தம் தொழிலுக்கு இட்ட பெயர் ஷாம்பூயிங். அமுக்குதல், பிசைதல் என்னும் பொருளுள்ள இந்திச் சொல்லின் திரிபு அது. தலை கழுவும் சரக்கின் பெயராக அது மாறியது பிற்காலத்தே. ஒரு சொல் கடல்கடந்து பொருள் மாறி மீண்டது. நாமோ அதன் பிறப்பிடத்தை மறந்தோம்.

இனி எண்ணெயின் பயன் யாது? தோல் தானே சுரக்கும் நெய்ப்பு, உள்ளீரம் வற்றாது காக்கும். மூப்பினாலும் பனிக்காற்றாலும் அது குறையுங்கால், நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் துணைசெய்யும். பிடித்துவிடுதலால் தசையிறுக்கம் தளர்ந்து நோவு தணியும். இவை மெய். ஆயினும் எல்லா நோயும் எண்ணெயால் தீருமென்பது மிகை. காய்ச்சல், எலும்பு முறிவு, திறந்த புண், காலில் இரத்தம் உறைந்த வீக்கம் ஆகியவற்றில் தொக்கணம் ஆகாது. குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தை நம் மகளிர் அறவே ஒழித்தல் வேண்டும். எண்ணெய் நுரையீரலுட் புகின் உயிர்க்கே இடராம். முன்னோரைப் போற்றுதல் அவர் செய்தன அனைத்தையும் செய்தலன்று. நல்லன காத்து அல்லன களைதலே.

இன்று பெருநகர விடுதிகளில் மசாஜ் என்னும் பெயரால் இத்தொழில் பெரும்பொருள் ஈட்டுகின்றது. நம் இளைஞரோ பாட்டனார் தைலக்குப்பியைப் பிறர் காணாது மறைக்கின்றனர். முதியோர் ஒருவர் மறையுந்தோறும் அவர் கைப்பழக்கமும் உடன் மறைகின்றது. பாளையங்கோட்டையில் 1964-இல் தோன்றிய அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி போன்ற நிலையங்கள் உள. நம் மக்கள் அங்குச் சென்று முறையாகக் கற்றுப் பட்டம் பெறுவாராக. வீடுதோறும் உள்ள ஏடுகளையும் தைல முறைகளையும் படியெடுத்துச் சங்கத்திற் சேர்ப்பித்துக் கற்றார் ஆராய விடுவாராக. பிழைப்பாய்ச் சுருங்கியது மீண்டும் கலையாய்த் தழைக்கும்.

திருவருள் முன்னிற்க.