இலேசான வேலை

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்கும், அதற்கப்பால் ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில் கிடக்கும் டயகமவுக்கும் செல்லும் பாதையில், எத்திசை நோக்கினும் தேயிலை மலையே தென்படும். இம்மலைகளில் வாழும் பெற்றோரிடையே நெடுங்காலமாக வழங்கும் சொற்றொடர் ஒன்றுண்டு. வீட்டில் நோயாளிப் பிள்ளை ஒன்று இருந்துவிட்டால், "அவனுக்கு இலேசான வேலை ஏதாவது பார்க்க வேண்டும்" என்பார்கள். மலையேறிக் கொழுந்தெடுக்கவோ, கவ்வாத்து வெட்டவோ, உரமூட்டை சுமக்கவோ இயலாத பிள்ளைக்கு இலேசான வேலையென அவர்கள் முதலில் எண்ணுவது தேயிலைத் தொழிற்சாலையை. தோட்டத்து வழக்கிற் சொன்னால், ஸ்டோரை. அங்கே மழையில்லை, அட்டையில்லை, ஏற்றமில்லை. பெற்றோரின் கணக்கு நியாயமானதே.

ஆயின், அப்பிள்ளைக்கு இருப்பது இழுப்பு நோயானால்? காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் இலையின் நுண்ணிய மயிர்களும் தூளும் நாள் முழுவதும் காற்றில் மிதக்கின்றன. அத்தூளைச் சுவாசிப்பதால் ஆஸ்துமா உண்டாவதை இந்நாட்டு வைத்தியரான சி. ஜி. ஊரகொட 1970ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையொன்றில் எழுதினார். பின்னர் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களைப் பற்றியும் ஆராய்ந்தார். மழையில் நனையாதிருக்கட்டும் என்று பெற்றோர் தேடிக்கொடுத்த இடம், மூச்சையே அடைக்கும் இடமாகிவிடுகிறது. இதை அறிந்தவர் வைத்தியர். பிள்ளையை அறிந்தவர் ஆசிரியர். வேலையை அறிந்தவர் தொழிலாளி. இம்மூவரும் ஒரு பிள்ளையின் பொருட்டு ஓரிடத்தில் அமர்ந்து பேசாமற்போனது ஏன்? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டியிருக்கிறது.

வேலைக்கு முன் பிள்ளையின் உடலைப் பரிசோதிக்கும் வழக்கத்தை உலகுக்குத் தந்தது இங்கிலாந்தின் ஆலைத்தொழில். 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி, ஒன்பது வயதுப் பிள்ளைக்குரிய உடற்பலமும் தோற்றமும் இப்பிள்ளைக்கு உண்டென்று வைத்தியரொருவர் சான்று கொடுத்த பின்னரே பருத்தியாலை அப்பிள்ளையை ஏற்கலாம். சட்டம் எழுப்பிய கேள்வி ஒன்றே: இவ்வுடல் வேலை தாங்குமா? தாங்காத உடலின் கதி என்ன என்பது அச்சட்டத்தின் கவலையன்று.

அதே கேள்விதான் கடல் கடந்து நம்மவரிடமும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டோர் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர். அம்மை, வாந்திபேதி, பிளேக் ஆகியவை தீவுக்குள் நுழையாதிருக்கவும், உழைக்கத் தகுந்தோர் மட்டுமே கப்பலேறவும் அவ்வேற்பாடு. அதற்கு முன்பே, 1872ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாக வகுத்திருந்தது. 1912இல் வேறு இரு சட்டங்கள் அதனைப் பின்தொடர்ந்தன. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். இரத்தசோகையால் வெளிறிப்போன ஆயிரக்கணக்கானோர் அதனால் நன்மையடைந்தனர் என்பதை மறுப்பது நேர்மையாகாது. எனினும் தோட்டத்துரைமாரை இணங்க வைத்த வாதம் யாது? புழு நீங்கிய தொழிலாளி கூடுதலாக வேலை செய்வான் என்பதே.

கல்விக்கும் இதே கதை. 1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்திடம் ஒப்படைத்தது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதனை வலியுறுத்தியது. எந்த வயதுக்கு? ஆறு முதற் பத்து வரை. 1927ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது, பிள்ளைகளை வேலைக்கமர்த்தும் மிகக் குறைந்த வயதாக அது விதித்ததும் பத்து. பள்ளிக்கூடத்தின் கதவு மூடும் நாளும் செக்ரோலில் பெயர் பதியும் நாளும் சட்டத்தினாலேயே அவ்வளவு அழகாகப் பொருத்தப்பட்டிருந்தன! உயர்மலைத் தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பத்து வயதில் 32 சதம் என்பது தொழில் தெரிவுக்கு இடமில்லாத ஏற்பாடு. நோயாளிப் பிள்ளைக்கோ தெரிவு இன்னும் சுருங்கியது: பிரட்டுக்களத்தில் நின்று அரைப்பேர் வாங்குவது, அல்லது லயத்திலிருந்து தம்பி தங்கையரைப் பார்ப்பது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்தும் தோட்டத்துடையது, பள்ளியும் தோட்டத்துடையது, வேலையும் தோட்டத்துடையது. டிஸ்பென்சரி ஐயாவும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரே துரையிடம் சம்பளம் வாங்கினர். இப்பிள்ளையின் உடலுக்குத் தோட்டத்துக்கு வெளியே உள்ள இன்ன தொழிலே பொருந்தும் என்று அவ்விருவரில் எவர் சொல்ல முடியும்? சொன்னால் தோட்டத்துக்கு ஓர் ஆள் குறையுமன்றோ!

இக்காலத்தில் வெளியுலகம் வேறொரு கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருந்தது. 1908இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பார் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றை நிறுவினார். குடியேறிய ஏழை மக்களின் பிள்ளைகள் கிடைத்த வேலையில் விழுந்து அழிவதைக் கண்டவர் அவர். இளைஞன் தன்னை அறிய வேண்டும், தொழில்களை அறிய வேண்டும், பின் இரண்டையும் சீர்தூக்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. பிரித்தானியாவில் 1910ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளியதிகாரிகளுக்கு வேலை ஆலோசனை வழங்கும் உரிமையை அளித்தது. 1948இல் இளைஞர் வேலைவாய்ப்புச் சேவை நாடெங்கும் விரிந்தது. அச்சேவையில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பள்ளியை விட்டு நீங்கும் பிள்ளையைப் பற்றிப் பாடசாலை வைத்தியர் ஒரு தாள் எழுதுவார். அதில் நோயின் பெயர் இராது. பாரச்சுமை, தூசு, ஈரம், உயரம், ஓடும் இயந்திரம் என்றவாறு தவிர்க்க வேண்டியவை மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். பிள்ளையின் இரகசியமும் காக்கப்பட்டது, ஆபத்தும் சொல்லப்பட்டது.

அந்நாட்டைச் சொர்க்கமென்று நாம் எண்ணிவிட வேண்டியதில்லை. போரில் ஊனமுற்றோரை மனத்திற்கொண்டு 1944இல் அங்கே நிறைவேறிய சட்டம், பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கு 3 பேரை வலுக்குறைந்தோரிலிருந்து எடுக்க விதித்தது. அவர்களுக்கென்றே ஒதுக்கிய தொழில்கள் எவையென்று பார்த்தால், மின்தூக்கியை இயக்குவதும் மோட்டார் வண்டிகள் நிறுத்துமிடத்தைக் காப்பதுமே! இலேசான வேலை என்ற கற்பனை அக்கரப்பத்தனை லயத்தில் மட்டும் பிறந்ததன்று.

சர்வதேசத் தொழில் அமைப்பு 1946இல் நிறைவேற்றிய 77ஆம் இலக்க உடன்படிக்கை இவ்வகையில் ஒரு திருப்பம். பதினெட்டு வயதுக்குட்பட்டோரை வைத்தியப் பரிசோதனையின்றித் தொழிற்சாலையில் அமர்த்தலாகாது. பரிசோதனையில் ஒரு வேலைக்குத் தகாதவரெனக் காணப்பட்ட பிள்ளைக்குத் தொழில் வழிகாட்டலும் பயிற்சியும் அளிக்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்றது அது. 1833இல் விடுபட்ட பிள்ளையை 113 ஆண்டுகள் கழித்து உலகம் நினைவுகூர்ந்தது எனலாம். தொழிற்சாலையல்லாத பிற வேலைகளுக்கென்று 78ஆம் உடன்படிக்கையும் அதே ஆண்டு வந்தது. ஆனால் விவசாய வேலை அவ்விரண்டுக்குமே வெளியே நிறுத்தப்பட்டது. ஸ்டோருக்குள் இருக்கும் பிள்ளை சட்டத்தின் நிழலில். மலையில் இருக்கும் பிள்ளை வெயிலில்.

நம் நாட்டில் அப்போது நடந்தது என்ன? கன்னங்கராவின் விசேட குழு 1943இல் வெளியிட்ட அறிக்கை, திறமைக்கேற்ற பல்வகைப் பாடசாலைகளைப் பற்றிப் பேசியது; 1945இல் இலவசக் கல்வி வந்தது. அது வந்த பின்னும் தோட்டப் பாடசாலை தோட்டத்தின் கையிலேயே கிடந்தது. 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. கண்பார்வையற்றோர்க்கும் செவிப்புலனற்றோர்க்குமென மேரி சப்மன் அம்மையார் 1912இல் தொடங்கிய பள்ளி இரத்மலானையில் வளர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நபீல்ட் பாடசாலை எழுந்தது. இரண்டும் போற்றத்தக்க தொண்டுகள். ஆயினும் அக்கரப்பத்தனையிலிருந்து கைதடி எத்தனை தூரம்! 1983க்குப் பின் போர் அத்தூரத்தைப் பன்மடங்காக்கிற்று. மேலும், இழுப்பு, வலிப்பு, இருதய நோய், நீரிழிவு போன்ற வெளியில் தெரியாத நோய்களுடன் சாதாரண வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இப்பள்ளிகளும் உரியவையல்ல.

1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் முன்தொழிற்கல்வி என்றொரு பாடத்தை இடைநிலை வகுப்புகளில் நுழைத்தது. நற்கருத்துத்தான், ஆனால் அப்போதும் தோட்டப் பாடசாலை அரசாங்க முறைக்குள் வரவில்லை. தோட்டங்கள் 1972க்கும் 1975க்கும் இடையே அரசுடைமையாகி, 1977இல் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்த காலத்தில், ஆட்சி மாறி அப்பாடமே கைவிடப்பட்டது. மலையகப் பிள்ளை பந்திக்கு வருமுன் இலை எடுத்தாயிற்று.

1988ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. வலுக்குறைந்தோர்க்கு அரசாங்க வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 வீதம் ஒதுக்க வேண்டுமென்ற சுற்றறிக்கை அவ்வாண்டில் வந்தது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் 39ஆம் இலக்கச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன்பு நாடற்றவரின் பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. வலுக்குறைந்தோரின் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996இல் நிறைவேறிற்று. கட்டாயக் கல்வியின் மேலெல்லை 2016இல் பதினாறு வயதாக உயர்ந்தது. வேலைக்கமர்த்தும் வயதும் 2021இல் பதினாறாயிற்று. 1927இற் போலவே இரண்டு எல்லைகளும் மீண்டும் ஒன்றாயின. பத்துக்குப் பதில் பதினாறு. அந்த ஆறு ஆண்டுகளை வென்றெடுக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

வென்றெடுத்த ஆண்டுகளில் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதே இனி ஆராயத்தக்கது. அக்கரப்பத்தனையில் இன்று ஹோல்புரூக் போன்ற மகா வித்தியாலயங்கள் உண்டு. சாதாரண தரத்தைத் தாண்டும் பிள்ளைகள் உண்டு. நல்ல உடல்நலமுள்ள பிள்ளை பரீட்சையிற் தவறினால் கொழும்புக் கடைக்கோ, வீட்டு வேலைக்கோ போகிறது. அப்பாதையும் எத்தகையது என்பதை, டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்றிருந்த 16 வயதுச் சிறுமி 2021 ஜூலையில் தீக்காயங்களுடன் மாண்டபோது நாடே கண்டது. நோயாளிப் பிள்ளைக்கு அப்பாதைகூட இல்லை. இருதய வாதக் காய்ச்சலால் வால்வு பழுதுபட்ட பையனுக்கு மாதந்தோறும் பெனிசிலின் ஊசி தேவை. கடைக்குப் போனவனுக்குக் கிளினிக் நாளன்று விடுமுறை யார் கொடுப்பார்? கிளினிக் கொப்பி லயத்திற் கிடக்கும், அவன் புறக்கோட்டையில் மூட்டை தூக்குவான். நெரிசலான வீடுகளிற் பெருகும் நோய் அது என்பதையும், லயம் யார் கட்டியது என்பதையும் இங்கே சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆகவே, உடலுழைப்புக்குத் தகாத பிள்ளைக்குத்தான் கல்வி மற்றெவரினும் அதிகமாகத் தேவைப்படுகிறது. ஆனால் வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாய் அலைந்து அதிக நாள் பள்ளிக்கு வராதிருப்பதும் அப்பிள்ளையே. கணக்கியலோ கணினியோ உயர்தர வகுப்பிற் கற்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலையில், "நீ மேசை வேலைக்குப் போ" என்று அறிவுரை கூறுவது பசித்தவனுக்குப் பதார்த்தங்களின் பெயரை வாசித்துக் காட்டுவதை ஒக்கும். தொழில் வழிகாட்டல் என்பது முதலில் வழியொன்று இருக்க வேண்டுவதை நிபந்தனையாகக் கொண்டது.

வழி இருக்கும் அளவில் அறிவும் வேண்டும். வலிப்பு நோயுள்ள பிள்ளைக்கு வாகனம் ஓட்டுதல், மரமேறுதல், வெட்டும் இயந்திரம், திறந்த அடுப்பு ஆகியவை கூடா. ஆசிரியத் தொழிலுக்கோ தையலுக்கோ அலுவலகத்துக்கோ தடையில்லை. இழுப்பு நோயாளிக்கு ஸ்டோர் மட்டுமன்று, மாவு பறக்கும் பேக்கரியும் மரத்தூள் பறக்கும் தச்சுப் பட்டறையும் தீங்கானவை. வயதுவந்த பிள்ளைகள் தொழிற்பயிற்சி நிலையங்களில் விரும்பிச் சேரும் பயிற்சிகளில் தச்சும் பேக்கரியும் உள்ளன என்பதை எண்ணுக. இன்சுலின் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்குப் பெரும்பாலான தொழில்கள் திறந்தேயிருக்கின்றன; நேரத்துக்கு உணவும் ஊசி ஏற்றிக்கொள்ள இடமும் வேண்டும், அவ்வளவே. இவையெல்லாம் வைத்தியருக்கு அரிச்சுவடி. ஆசிரியருக்குச் சொல்வார் யாருமில்லை. பெண்பிள்ளையின் நோயையோ, கலியாணம் தடைப்படும் என்றஞ்சிப் பெற்றோர் ஆசிரியரிடமும் மறைக்கின்றனர். நோயின் பெயரின்றித் தவிர்க்க வேண்டியவற்றை மட்டும் குறித்த அப்பழைய தாளின் அருமை இங்கேதான் விளங்கும்.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள் முதல், பாடசாலை வைத்தியப் பரிசோதனை இந்நாட்டில் வேரூன்றி வந்திருக்கிறது. இன்று 1, 4, 7, 10ஆம் வகுப்புகளில் அது நடைபெறுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதினைந்து வயது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஓராண்டு. வேலைக்குச் செல்லச் சட்டம் அனுமதிக்கும் வயதுக்கும் அவ்வளவே. குறை கண்டு சிகிச்சைக்கு அனுப்புதல் அப்பரிசோதனையின் நோக்கம். அது நல்ல நோக்கமே. அன்று வைத்திய அதிகாரி அக்கரப்பத்தனைப் பள்ளிக்கு வரும்போது, வழிகாட்டல் ஆசிரியரும் பக்கத்தில் ஒரு கதிரையில் அமர்ந்திருக்க வேண்டும். இப்பிள்ளை தூசியில் வேலை செய்யலாமா, பாரம் தூக்கலாமா, மாதத்தில் எத்தனை நாள் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்ற மூன்று வரிகளை அவர் கேட்டு எழுதிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். தனிச் சட்டமோ வெளிநாட்டு நிதியோ இதற்கு வேண்டியதில்லை. அத்தாளின் ஒரு பிரதி தொழிற்பயிற்சி நிலையத்துக்கும், இன்னொன்று பெற்றோர் கைக்கும் போகட்டும். ஸ்டோரில் இடம் கேட்டுத் துரையிடம் போவதற்கு முன் அப்பாவும் அம்மாவும் அதை வாசித்துப் பார்க்கட்டும். வாசிக்கத் தெரியாதவராயின் பிள்ளையே வாசித்துக் காட்டும்.