தென்திருவிதாங்கூர் எல்லையோர ஊர்களும் கால்நடை உணவு மருத்துவமும்

முன்னுரை

வீட்டு விலங்குகளின் நோயை அடுக்களைப் பொருள்களால் தீர்க்கும் முறை தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கி வருவதாகும். 'மாட்டு வாகடம்' எனப் பெயர் பெற்ற நூல்கள் சுவடிகளாகவும் அச்சு நூல்களாகவும் உள்ளன. தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியை முன்வைத்து இம்மரபை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லையின் வரலாறு

இப்பகுதி 1949 வரை திருவிதாங்கூர் அரசிலும், அதன்பின் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் அடங்கியிருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. களியக்காவிளை ஒரு மாநிலத்திலும் அதனை அடுத்த பாறசாலை மற்றொரு மாநிலத்திலும் ஆயின. அலுவல்மொழியும் பள்ளிமொழியும் அதனால் வேறாயின.

சொல்வழக்கு

மருந்துப் பொருள்களின் பெயர்களோ எல்லையைக் கடந்து நிற்கின்றன. கருமிளகைக் குமரி மாவட்டத்தார் 'நல்லமிளகு' என்பர். தென்கேரள மலையாளத்தில் அது 'நல்லமுளகு' ஆகும். வெற்றிலை 'வெற்றில' எனவும், கற்றாழை 'கற்றார்வாழ' எனவும் வழங்கும். சுண்ணாம்பு இரு மொழிக்கும் பொது. ஆனால் நோய்ப்பெயர்கள் வேறுபடுதல் கருதத்தக்கது. தமிழில் 'மடிநோய்' எனப்படுவது மலையாளத்தில் 'அகிடுவீக்கம்'. 'கோமாரி' எனப்படுவது 'குளம்புரோகம்'. மருந்தின் பெயர் விளங்கியும் நோயின் பெயர் விளங்காவிடின் மருத்துவக் குறிப்பு பயன்படாது போகும்.

மரபும் ஆய்வும்

தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் 1989இல் நிறுவப்பெற்றது. அதன் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி மரபு மருத்துவ முறைகளைத் தொகுத்து நெறிப்படுத்தினார். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்து, பால் முழுதும் கறந்து கழுவிய மடியில் நாளொன்றுக்குப் பலமுறை பூசுதல் மடிநோய்க்குரிய முறையாகும். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் இத்தகைய முறைகளைப் பரப்பி வருகிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சம் பாலில் கலப்பதைக் குறைக்க இவை உதவும் என்பதே இவ்வூக்கத்திற்குக் காரணம்.

பயன்பாட்டின் வரம்பு

மாட்டின் வயிற்று உப்புசத்திற்கு வெங்காயம், பூண்டு, மிளகு, இஞ்சி, வெற்றிலை, வெல்லம் முதலியன அரைத்துத் தரப்படும். இதனையே நாய்க்கோ பூனைக்கோ தருதல் தீங்காகும். வெங்காயமும் பூண்டும் அவற்றின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்க வல்லவை. வெறிநாய்க்கடி நோய்க்கு உணவு மருந்து ஏதுமில்லை. பாஸ்டர் 1885இல் மனிதருக்கு முதன்முதல் செலுத்திய தடுப்பூசியின் வழிவந்த முறைகளே காப்பாகும். அதன் பொருட்டே குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் தோன்றியது. எவ்வுயிர்க்கு எப்பொருள் ஆகும் என்னும் பகுப்பறிவின்றி 'இயற்கை' என்னும் சொல்லை மட்டும் நம்புதல் மரபுக்கும் உடன்பாடன்று. மாட்டுக்கும் குதிரைக்கும் யானைக்கும் தனித்தனி மருத்துவ நூல்கள் எழுந்தமையே இதற்குச் சான்று.

முடிவுரை

எல்லையோர ஊர்களில் தமிழ் பேசும் குடும்பத்துப் பிள்ளைகள் மலையாள வழியிற் பயிலுமிடத்து, முதியோர் நாவில் உள்ள நோய்ப்பெயர்களே முதலில் மறையக்கூடியவை. அப்பெயரோடு அதற்குரிய மருந்தும் அளவும் விலக்கும் மறையும். ஆதலின் நோய், பொருள், அளவு, தரலாகாத விலங்கு என்னும் நான்கையும் இரு மொழிகளிலும் குறிக்கும் சொற்றொகுதி ஒன்றை உருவாக்குதல் தமிழ்த்துறைகளும் கால்நடைத் துறையும் இணைந்து மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.