லண்டனில் பொருளாதாரக் கல்வி

லண்டன் மாநகரில் பொருளாதார சாஸ்திரம் சர்வகலாசாலைப் பாடமாக வேரூன்றியது, ரிக்கார்டோவின் வழிவந்த ஜே. ஆர். மக்கல்லக் 1828இல் இன்றைய யூனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியராக அமர்ந்தபோதாகும். அப்பதவியை 1876இல் ஏற்ற ஜெவன்ஸ், பொருளின் மதிப்பை நுகர்வோர் அடையும் பயனிலிருந்து கணித முறையில் வருவித்தவர். அங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள பிரிட்டிஷ் மியூசிய வாசகசாலையிலோ, மதிப்பின் மூலம் உழைப்பே என்னும் சித்தாந்தத்தைக் கார்ல் மார்க்ஸ் ஏற்கெனவே தமது மூலதனத்தில் விரித்திருந்தார்.

சிட்னி வெப் முதலிய ஃபேபியன் சோஷலிஸ்டுகள், ஹட்சின்சன் என்பார் விட்டுச்சென்ற நிதியைக்கொண்டு 1895இல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியை ஸ்தாபித்தபோது, தம் கட்சியைச் சேராத ஹியூவின்ஸையே முதல் தலைவராக்கினர். இந்த விசால மனப்பான்மையின் சிறந்த பலனை நம்மவர் ஒருவரிடமே காண்கிறோம். 1913இல் கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் கெயின்ஸ் ஆதரித்து எழுதிய இந்திய நாணய ஏற்பாட்டை, ரூபாய் வெளியீட்டை அரசாங்கத்தின் இஷ்டத்துக்கு விடுவது அதன் மதிப்பைக் குலைக்கும் என்று காரணங்காட்டி மறுத்த பி. ஆர். அம்பேத்கரின் ஆராய்ச்சி, 1923இல் அக்கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்று, ‘ரூபாயின் பிரச்சினை’ என நூலாகவும் வெளிவந்தது. அதற்கு முகவுரை எழுதிய ஆசிரியர் எட்வின் கேனன், அவர் வாதங்கள் பலவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியே, அவர் கருத்துகளின் புதுமையைப் பாராட்டினார். சீடன் மாறுபடுவதை ஆசான் மதித்த இந்நிகழ்ச்சி, அக்கல்வியின் உன்னத நிலை எனத் தயங்காது கூறலாம்.

1931இல் ஹயெக் என்னும் பொருளாதார அறிஞர் அக்கல்லூரிக்கு வந்து சேர, கெயின்ஸின் கேம்பிரிட்ஜுக்கும் லண்டனுக்கும் பெரும் தர்க்கம் மூண்டது. அவரை வரவழைத்த ராபின்ஸ், பல வகையில் பயன்படத்தக்க அரிய சாதனங்களை மனிதர் எவ்வாறு பங்கிடுகின்றனர் என்பதே இச்சாஸ்திரத்தின் விஷயம் என 1932இல் வகுத்த இலக்கணம் இன்றும் பாடநூல்களில் ஆட்சி செய்கிறது. 1949இல் அதே கல்லூரியில், முன்பு இன்ஜினீயராயிருந்த பில் பிலிப்ஸ், வருமானமும் சேமிப்பும் வரியும் ஒரு தேசத்தில் சுழலும் விதத்தைக் கண்ணாடிபோன்ற தொட்டிகளிலும் குழாய்களிலும் வண்ண நீரை ஓடவிட்டுக் காட்டினார். வரிக்குரிய மடையைச் சற்றே திறந்தால் நுகர்வுக்குச் செல்லும் நீர் குறைவதை மாணவர் நேரில் காணலாம்.

பிற்காலத்தில் கணித மாதிரிகள் பாடத்திட்டத்தை நிறைக்க, மார்க்ஸ், கெயின்ஸ் வழியினரும் சாஸ்திர வரலாறும் ஓரத்துக்கு ஒதுங்கலாயினர். ஆனால், கீழை, ஆப்பிரிக்க ஆராய்ச்சிகளுக்கான ஸோவாஸ் கல்லூரி அம்மரபுகளை விடாது போற்றியது. 2008 நவம்பரில் லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்கு வந்த எலிசபெத் ராணி, நிதி நெருக்கடியை ஏன் ஒருவரும் முன்னறியவில்லை என்று வினவினார். அதன்பின் பாடத்திட்டத்தை மாற்றக் கோரும் மாணவர் கிளர்ச்சி வலுத்தது. யூனிவர்சிட்டி காலேஜின் வெண்டி கார்லின் முதலியோர் 2013இல் தொடங்கிய ‘கோர்’ பாடத்திட்டம் ஏற்றத்தாழ்வையும் வரலாற்றையும் முதலாண்டிலேயே புகுத்தியது. ஆயினும், முரண்படும் சித்தாந்தங்களை எதிரெதிரே வைத்துக் கற்பிக்கவேண்டும் என்னும் தங்கள் முதற்கோரிக்கை அதனால் நிறைவேறவில்லை என்று மாணவர் சங்கத்தினர் வாதிக்கின்றனர். அவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது.