அதே பெட்டி, கூடுதல் வயர்

அமெரிக்காவின் பழைய வீட்டு வயரிங் பற்றிக் கொஞ்ச நாளாகப் படிச்சுக்கிட்டு இருக்கேன். அதில் என்னை நிறுத்தினது ஒரு சின்ன விஷயம்: ஸ்விட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் பின்னால், சுவருக்குள் இருக்கிற பெட்டி.

தொடக்க கால வீடுகளில் வயர் இணைப்புக்குப் பெட்டியே கிடையாது. பீங்கான் குமிழ்களில் வயரை இழுத்துக் கட்டுவாங்க. மரச்சட்டத்தைத் துளைத்துப் போகிற இடத்தில் ஒரு பீங்கான் குழாய். இணைப்பை முறுக்கி, ஈயம் பற்றவைத்து, டேப் சுற்றி அந்தரத்திலேயே விட்டுடுவாங்க. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் சூடு காற்றோடு போய்விடும். (பிற்காலத்தில் குளிருக்காகச் சுவருக்குள் பஞ்சு அடைத்தபோதுதான் வம்பு வந்தது.)

1897-இல் நேஷனல் எலெக்ட்ரிகல் கோட் வந்தது. நாளடைவில் இணைப்புகள் பெட்டிக்குள் போயின. தீப்பொறி வெளியே வராது, நல்லதுதான். ஆனால் சூடும் உள்ளேயே அடைபடும். அதனால்தான் பெட்டிக்கு ஒரு கொள்ளளவுக் கணக்கு.

15 ஆம்பியர் சர்க்யூட்டுக்குப் போடுகிற 14 கேஜ் வயர் ஒவ்வொன்றுக்கும் 2 கன அங்குலம் இடம் வேணும். பிளக் பாயிண்டை 2 வயராக எண்ணணும். பரவலாகக் கிடைக்கிற 3×2×2½ அங்குலப் பெட்டியின் கொள்ளளவு 12.5 கன அங்குலம். உள்ளே வருகிற வயர் 2, அடுத்த பாயிண்டுக்குப் போகிற வயர் 2, பிளக் பாயிண்டுக்கு 2. மொத்தம் 12. கச்சிதம்!

1962 பதிப்பு எர்த் உள்ள பாயிண்டுகளைக் கட்டாயமாக்கியது. எர்த் வயர்களைச் சேர்த்து ஒன்றாக எண்ணினாலும் கணக்கு 14 ஆகிடுது. கேபிளைப் பிடிக்கிற கிளாம்ப் பெட்டிக்குள்ளேயே இருந்தால் 16. 2011-இல் பெரும்பாலான ஸ்விட்ச் பெட்டிகளிலும் நியூட்ரல் இருக்கணும்னு வந்தது. உயிரைக் காக்க வந்த எர்த்தே பெட்டியை நெரிசலாக்கினது எனக்கு விசித்திரமாகப் படுது. 3½ அங்குல ஆழமுள்ள பெட்டி வாங்கினால் 18 கிடைக்கும், புது வீட்டில் தீர்ந்தது பிரச்சினை.

பழைய வீட்டில்தான் சிக்கல். எர்த் இல்லாத இடத்தில் ஜிஎஃப்சிஐ பாயிண்ட் மாட்டலாம், விதியே அனுமதிக்குது. மின்கசிவு வந்தால் அது சட்டென்று துண்டித்துவிடும். ஆனால் சாதாரண பாயிண்டைவிட அது ரொம்பத் தடிமன். விதியோ இரண்டையுமே 2 வயராகத்தான் எண்ணுது. இது விதியில் உள்ள ஓட்டைன்னுதான் நான் சொல்வேன். காகிதத்தில் அதே 12, கையில் எடுத்து அமுக்கினால் உள்ளே போகாது. பல பத்தாண்டு பழைய ரப்பர் உறை காய்ந்து நொறுங்குகிற பதத்தில் இருக்கும். பலம் கொடுத்துத் தள்ளினால் உறை உதிர்ந்து, வெறும் செம்பு உலோகப் பெட்டியில் படும். அப்படிப்பட்ட இடத்தில் சுவரை உடைத்து ஆழமான பெட்டி வைக்கணும், இல்லையென்றால் சுவருக்கு வெளியே நீட்டுகிற கூடுதல் பெட்டியைப் பொருத்தணும்.