இங்கிலாந்துத் தேவாலயங்களின் சுவர்ச் சித்திரங்கள்

கி.பி. 600 அளவில், மார்சேல் நகரத்து மேற்றிராணியார் செரேனுஸ் தம் தேவாலயங்களிலிருந்த உருவங்களை உடைத்தெறிந்தபோது, எழுத்தறியாத ஜனங்கள் ஏட்டில் வாசிக்க இயலாததைச் சுவரிலே கண்டு அறிகிறார்கள் என்று போப் முதலாம் கிரெகோரி அவரைக் கடிந்து எழுதினார். இடைக்காலம் முழுவதும் தேவாலயச் சித்திரங்களுக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்பட்டது அந்தக் கடிதமே.

இங்கிலாந்துச் சித்திரக்காரர்கள், இத்தாலியரைப்போல ஈரச் சாந்தில் வர்ணத்தை ஊறவிடாமல், பெரும்பாலும் உலர்ந்த சுண்ணப் பூச்சின்மேலேயே எழுதினார்கள். செங்காவி, மஞ்சட்காவி, கரி, சுண்ணாம்பு என்பவையே கிராமத்துச் சித்திரக்காரனுக்குக் கைமுதல். பீடத்துக்கு முன்னுள்ள வளைவின்மேல் இறுதித் தீர்ப்பு இடம்பெறும். வாசலுக்கு எதிரே, குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்தோபர் நிற்பார். அவரைத் தரிசித்தவர்க்கு அன்று துர்மரணம் இல்லை என்பது நம்பிக்கையாதலால், பூசைக்கு நில்லாமல் வாசற்படியிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு வேலைக்கு ஓடியவர்களும் இருந்திருப்பார்கள்.

சர்ரி மாவட்டத்துச் சால்டன் என்னும் சிற்றூரில், தேவாலயத்தின் மேற்குச் சுவரில் கி.பி. 1200 அளவில் எழுதப்பெற்ற சித்திரம் 17 அடி நீளமும் 11 அடி உயரமும் உடையது. செங்காவி நிலத்தின் நடுவே ஓர் ஏணி. அதில் சில ஆன்மாக்கள் ஏறுகின்றன, சில தலைகீழாய் விழுகின்றன. மேலே மிக்கேல் சம்மனசு தராசு பிடிக்க, கீழே கழுத்தில் பணப்பை தொங்க நெருப்பில் அமர்ந்திருக்கிறான் வட்டிக்காரன். எழுதியவன் பெயர் தெரியாவிடினும், கடன்பட்டு நொந்தவன் கை அது என்று எண்ணத் தோன்றுகிறது.

1547இல் ஆறாம் எட்வர்டின் அரசாங்கம் சுவர்களிலுள்ள உருவங்களையும் அழிக்க ஆணையிட்டது. ஸ்டிராட்பர்டு நகரத்துக் கணக்கில், சிற்றாலயத்து உருவங்களைச் சிதைத்த கூலி 2 ஷில்லிங் என்று 1563–64இல் பற்றெழுதியவர், நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான். ஆயினும் சுரண்டுவதைவிட வெள்ளையடிப்பது மலிவு. அந்தச் சிக்கனமே சித்திரங்கள் பலவற்றைக் காத்தது. அச்சிற்றாலயத்துத் தீர்ப்புச் சித்திரம் 1804இல் வெளிப்பட்டது. சால்டன் சித்திரமோ 1870ஐ ஒட்டி வெளிவந்தது. சபக் மாவட்டத்து வென்ஹாஸ்டனில், சுவரில் அன்றிப் பலகையில் எழுதிய தீர்ப்புச் சித்திரத்தை 1892இல் உதவாத மரமென்று கல்லறைத் தோட்டத்தில் எறிந்துவிட்டார்கள். பெய்த மழையில் வெள்ளை கரைந்து உருவங்கள் தெரிந்தன.

இருபதாம் நூற்றாண்டில் பேராசிரியர் டிரிஸ்டிராம் இச்சித்திரங்களை அன்போடு தேடித்தேடிப் படியெடுத்து, வர்ணம் உதிராதிருக்கப் பலவற்றின்மேல் மெழுகு பூசினார். சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி வர்ணத்தைப் பெயர்க்கவே, அம்மெழுகை நீக்குவது பின்வந்தோர்க்குப் பல ஆண்டுப் பணியாயிற்று.