வலியில்லாத புண்: உள்ளங்கால் புண் மருத்துவத்தின் வரலாறு

உள்ளங்கால் புண் என்பது தொடுவுணர்வை இழந்த பாதத்தில், உடல் எடை ஊன்றும் இடங்களில் தோன்றி நீண்ட காலம் ஆறாமல் நிற்கும் புண்ணாகும். பெருவிரலின் அடிப்பகுதி, விரல்களுக்குப் பின்னால் எலும்பு முனைகள் தரையை அழுத்தும் பகுதி, குதிகால் ஆகிய இடங்களில் இது மிகுதியாகக் காணப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு அறுவை மருத்துவர்கள் இதனைப் 'பாதத்தைத் துளைக்கும் நோய்' என்ற பொருள்படும் பெயரால் விவரித்தனர். தொழுநோயாளரிடமும், தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களிடமும், நீரிழிவு நோயாளரிடமும் இப்புண் ஒரே வடிவில் தோன்றியது. 1887ஆம் ஆண்டிலேயே டேவிஸ் பிரைஸ் என்ற ஆங்கில மருத்துவர், இரு பாதங்களிலும் இத்தகைய புண் கொண்ட ஒரு நீரிழிவு நோயாளியைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதியுள்ளார்.

இந்நோயாளர் அனைவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். புண் வலிக்கவில்லை.

தசையின் மீது சுமத்தப்பட்ட பழி

புண் ஏன் ஆறவில்லை என்ற கேள்விக்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை, அந்த உடலின் தசையே கெட்டது என்பதாகும். நரம்புகள் உணர்வைக் கடத்துவதோடு தசைக்கு ஒருவகை ஊட்டத்தையும் அளிக்கின்றன, நரம்பு செத்தபின் ஊட்டம் நின்று தசை தானாக அழுகுகிறது என்று மருத்துவர்கள் கருதினர். அதனால் இதற்கு 'ஊட்டக்குறைவுப் புண்' என்ற பெயரும் வழங்கியது. தொழுநோயைப் பொறுத்தவரை இக்கருத்து மக்களின் நம்பிக்கையோடும் ஒத்துப்போனது. தொழுநோயாளியின் விரல்கள் அழுகித் தாமாகவே உதிரும் என்று ஊரார் நம்பினர். அதையே மருத்துவ நூல்கள் வேறு சொற்களில் சொல்லின.

இந்த விடையின் விளைவு கொடியது. தசையே கெட்டதென்றால் மருத்துவம் செய்து பயனில்லை. புண்ணுக்கு மருந்து தடவிக் கட்டுப் போடுவார்கள், நோயாளி அதே காலை ஊன்றி நடந்து போவார், சில மாதங்களில் எலும்பில் சீழ் பிடிக்கும், இறுதியில் கால் வெட்டப்படும். கால் போனபின் அந்தக் கருத்து மெய்ப்பிக்கப்பட்டது போலவே தோன்றும்.

மாற்றுக் கருத்து அறவே இல்லாமல் இல்லை. லண்டன் அறுவை மருத்துவர் ஃபிரெடெரிக் டிரீவ்ஸ் 1884இல் வெளியிட்ட கட்டுரையில், புண்ணைச் சுற்றிக் காய்த்துத் தடித்த தோலைச் சீவி அகற்றி, நோயாளியைப் படுக்கையில் இருத்தினால் புண் ஆறுவதைக் காட்டினார். படுக்கையில் ஆறும் தசை எப்படிக் கெட்ட தசையாகும் என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்பதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.

செங்கல்பட்டும் வேலூரும்

கொல்லிமலையில் 1914இல் பிறந்து, லண்டனில் அறுவை மருத்துவம் பயின்ற பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். அதன் தலைவர் ராபர்ட் காக்ரேன் தோல் மருத்துவத்தில் புகழ்பெற்றவர். தொழுநோயாளரின் மடங்கிய கைகளையும் சிதைந்த பாதங்களையும் எலும்பு மருத்துவர் எவரும் முறையாக ஆராயவில்லை என்ற குறையை அவர் பிராண்டிடம் சுட்டிக்காட்டினார்.

பிராண்ட் முதலில் கைகளை எடுத்துக்கொண்டார். செயலிழந்த தசைகளுக்கு மாற்றாக, நல்ல நிலையில் உள்ள தசைநாண்களை விரல்களுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவையை வேலூரில் தொடங்கினார். இதில் ஒரு பக்கவிளைவாகக் கிடைத்த செய்தி முதன்மையானது. அறுவைக் காயங்கள் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே தொழுநோயாளருக்கும் ஆறின. கத்தி வெட்டிய தசை ஒழுங்காகக் கூடுகிறது என்றால், அதே மனிதரின் பாதத்துப் புண் மட்டும் ஆறாததற்குக் காரணம் தசையில் இருக்க முடியாது.

வேலூரில் நோயாளருக்காக அமைந்த புதுவாழ்வு மையத்தில் பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு வேலையைத் தொடங்கினர். நோயாளியின் உடலில் தோன்றும் ஒவ்வொரு புதிய காயத்துக்கும் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது அது. சூடான பாத்திரத்தைத் துணியின்றித் தூக்கியதால் வந்த கொப்புளம், கருவியின் பிடியில் இருந்த சிம்பு கிழித்த உள்ளங்கை, பொருந்தாத செருப்பு அறுத்த குதிகால் என்று ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது. இரவில் விரல் நுனி காணாமற்போன புதிருக்கும் விடை கிடைத்தது. எலிகள் கடித்திருந்தன, உறங்கியவருக்குத் தெரியவில்லை. அதன்பின் நோயாளருக்குப் பூனைகள் தரப்பட்டன. மருத்துவ வரலாற்றில் பூனை ஒரு சிகிச்சையாக எழுதப்பட்ட இடங்கள் அதிகம் இருக்க முடியாது.

நடையே காயம்

பாதத்தில் காரணம் இவ்வளவு வெளிப்படையாக இல்லை. ஆணியும் முள்ளும் குத்தாத பாதங்களிலும் புண் வந்தது. அதற்கான காரணம் நடையில் இருந்தது.

உணர்வுள்ள மனிதர் நெடுந்தொலைவு நடக்கும்போது, தாம் அறியாமலேயே நடையை மாற்றிக்கொண்டே இருக்கிறார். ஓரிடம் நோகத் தொடங்கியதும் எடையைப் பக்கவாட்டுக்கு மாற்றுகிறார், மேலும் நொந்தால் நொண்டுகிறார், பிறகு உட்கார்ந்துவிடுகிறார். உணர்விழந்தவர் முதல் அடியைப் போலவே ஆயிரமாவது அடியையும் அதே இடத்தில் ஊன்றுகிறார். தீங்கற்ற அளவுள்ள அழுத்தமே திரும்பத் திரும்ப விழும்போது அந்த இடம் சூடேறி வீங்குகிறது. காய்த்த தோலுக்கு அடியில் திசு நைந்து நீர் கோக்கிறது. அந்த நீர் வெளியேறும் வழியே புண்ணாகிறது. பிற்காலத்தில் பிராண்டின் குழுவினர் எலியின் பாதத்தில் மிதமான அழுத்தத்தை நாள்தோறும் பல்லாயிரம் முறை செலுத்திச் சில நாட்களிலேயே இத்தகைய புண்ணை உண்டாக்கிக் காட்டினர்.

சிகிச்சையும் இதிலிருந்தே பிறந்தது. முழங்காலுக்குக் கீழே பாதம் முழுவதையும் ஒட்டி அமையும் மாவுக்கட்டு போடப்பட்டது. எடை ஒரே முனையில் விழாமல் பாதம் முழுவதற்கும் காலுக்கும் பரவுவதால், நோயாளி நடமாடிக்கொண்டே இருக்கப் புண் ஆறியது. இம்முறையை 1930களிலேயே இந்தியாவில் ஜோசப் கான் என்ற மருத்துவர் தொழுநோய்ப் புண்ணுக்குப் பயன்படுத்தியிருந்தார். அதனைப் பரவலாக்கியது பிராண்டின் பணி. கட்டுக்குள் களிம்போ நுண்ணுயிர்க்கொல்லியோ அற்புதம் எதையும் செய்யவில்லை. அழுத்தம் நீங்கியது, அவ்வளவே. ஆறிய பாதத்தைக் காக்க, மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் அடிப்பகுதி கொண்ட செருப்புகள் உருவாக்கப்பட்டன. எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் இவை தமிழ்நாட்டில் இன்றும் நீரிழிவு நோயாளருக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன.

இரண்டாம் முறை அதே பிழை

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்னும் ஊரில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கிருந்துதான் வேலூர் அனுபவம் நீரிழிவு மருத்துவத்துக்குள் நுழைந்தது.

அந்தத் துறையில் அப்போது வேறொரு பழி நடப்பில் இருந்தது. வெட்டி அகற்றப்பட்ட கால்களைச் சோதித்து 1959இல் வெளியான ஓர் ஆய்வு, நீரிழிவால் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன என்று கூறியிருந்தது. நுண்குழாய் அடைப்பைத் திறக்க வழியில்லை என்பதால், நீரிழிவு நோயாளியின் காலுக்கு இரத்தக் குழாய் அறுவை செய்து பயனில்லை என்ற முடிவுக்குப் பலர் வந்தனர். லோகெர்ஃபோ, காஃப்மன் ஆகியோர் 1984இல் இக்கருத்தை மறுத்தனர். அடைப்பு இருப்பது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய தமனிகளில், பாதத்துத் தமனிகள் பலருக்குத் திறந்தே உள்ளன, எனவே மாற்றுவழி அமைத்து இரத்தத்தைக் கொண்டுசேர்க்க முடியும் என்று காட்டினர். தொழுநோயில் 'கெட்ட தசை' செய்ததை நீரிழிவில் 'கெட்ட நுண்குழாய்' செய்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் காப்பாற்றியிருக்கக்கூடிய கால்கள் வெட்டப்பட்டன என்று கருதுவதில் தவறில்லை.

மதிப்பீடு

இன்று பாதப்புண்ணை மதிப்பிடும் முறையில் இந்த வரலாற்றின் தடங்கள் உள்ளன. உணர்வைச் சோதிக்க, வளையும்போது 10 கிராம் விசை தரும் நைலான் இழை பயன்படுகிறது. அதைப் பாதத்தில் வைத்து அழுத்தும்போது உணராதவருக்குப் புண் வரும் ஆபத்து மிகுதி. இந்த அளவை 1980களில் நிறுவியவர்கள் கார்வில் ஆய்வாளர்களே. இரு பாதங்களின் ஒத்த இடங்களுக்கு இடையே வெப்பநிலை 2.2 செல்சியசுக்கு மேல் வேறுபட்டால், புண் வருமுன்பே அது எச்சரிக்கையாகக் கொள்ளப்படுகிறது. கணுக்காலிலும் விரல்களிலும் இரத்த அழுத்தம் அளந்து இரத்த ஓட்டம் அறியப்படுகிறது. புண்ணுக்குள் மழுங்கிய உலோகக் கம்பியைச் செலுத்தி, அது எலும்பில் தட்டினால் எலும்பிலும் தொற்று பரவியிருக்கக்கூடும் என்று கருதும் எளிய சோதனை 1995இல் விளக்கப்பட்டது. இரத்தச் சர்க்கரை, புரதக் குறைவு, புகைப்பழக்கம் ஆகியவையும் ஆறும் வேகத்தைக் குறைப்பவை. ஆயினும் இவை அனைத்தையும் சீராக்கிவிட்டு நோயாளியைப் பழைய செருப்பிலேயே அனுப்பினால் புண் ஆறாது.

மாவுக்கட்டின் ஆற்றல் 1989இல் ஒப்பீட்டு ஆய்வு ஒன்றில் அளவிடப்பட்டது. கட்டுப் போட்ட 21 புண்களில் 19 ஆறின, ஆறுவதற்குச் சராசரியாக 42 நாட்கள் ஆயின. வழக்கமான மருந்துக்கட்டு பெற்ற 19 புண்களில் ஆறியவை 6 மட்டுமே. கழற்றக்கூடிய காலணிகள் மாவுக்கட்டுக்கு ஈடாகாததற்கான காரணம் 2003இல் தெளிவானது. காலணியிலும் நோயாளியின் உடலிலும் அடிகளை எண்ணும் கருவிகளைப் பொருத்திப் பார்த்தபோது, நோயாளர் தம் நடையில் 28 விழுக்காட்டுக்கு மட்டுமே அந்தக் காலணியை அணிந்திருந்தனர். இதை நோயாளரின் அலட்சியம் என்று சொல்லிவிடலாகாது. வலிக்கும் காலில் உள்ள கட்டை எவரும் கழற்றுவதில்லை. வலி செய்யவேண்டிய காவலைக் கழற்ற முடியாத கட்டு செய்கிறது.

மாவுக்கட்டு போடுவதற்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும். உள்ளே தொற்று பரவினால் வெளியே தெரியாது என்ற அச்சமும் உண்டு. இரத்த ஓட்டம் மிகக் குறைந்த பாதத்துக்கு இது ஏற்றதன்று. அமெரிக்க மருத்துவ மையங்களிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளியான கணக்கெடுப்பில், பெரும்பான்மையான பாதப்புண்களுக்கு மாவுக்கட்டைப் பயன்படுத்துவதாகக் கூறியவை 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மிகுதியாகப் பயன்பட்டது மாற்றியமைத்த காலணியே.