சட்டைப்பையில் ஒரு லேஞ்சி

கையால் எம்ப்ராய்டரி பழகின எல்லாருக்கும் இது தெரியும். முதல்ல நேர்கோடு, அப்புறம் இலை, அப்புறம் ஒரு இதயம். நம்ம கூட்டமைப்பில் பயிற்சி எடுத்த சகோதரிகள் தலையணை உறையிலும் பிள்ளைகள் கவுனிலும் போட்ட இதயங்களை எண்ணி முடியாது. "சின்னப் பிள்ளை வேலை" என்று நாமே அதைச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்த இதயத்தை வைத்துத் தங்கள் கல்யாணத்தையே பேசி முடித்த பெண்கள் போர்ச்சுகல் நாட்டில் இருந்தார்கள். மலருக்குக் கட்டுரை கேட்டபோது அவர்கள் கதையைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

போர்ச்சுகலின் வடமேற்கு மூலையில் மின்யோ என்று ஒரு பகுதி. நல்ல மழை, சின்னச் சின்ன வயல்கள். ஆளிச்செடி பயிர் செய்து, அதன் நாரை வீட்டிலேயே நூற்று, லினன் துணி நெய்த ஊர்கள் அவை. அங்கே ஒரு பெண் வயசுக்கு வரும் முன்னமே ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டுவிடுவாள். பிறகு சதுரத் துணி ஒன்றை எடுத்து, தனக்குப் பிடித்தவனுக்காகப் பூத்தையல் போட ஆரம்பிப்பாள். நடுவில் இதயம், சுற்றிலும் பூ, ஜோடிப் புறா, சாவி, ஓரத்தில் நாலு வரிப் பாட்டு. இதற்குக் காதலர் கைக்குட்டை என்று பெயர்.

கைக்குட்டைக்கு அவர்கள் மொழியில் 'லென்சு'. இலங்கைத் தமிழர்கள் இன்றும் கைக்குட்டையை லேஞ்சி என்றுதான் சொல்வார்கள். அந்த வார்த்தை போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது. நாம் தினமும் சொல்கிற சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாமே அவர்களிடமிருந்து வந்தவைதான். அந்தத் துணியில் தைத்த சாவியும் நம்ம வீட்டுச் சாவியும் ஒரே சொல் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

இந்தக் கைக்குட்டை மேட்டுக்குடிப் பெண்களிடம் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இருந்த நேர்த்தியான கைக்குட்டையைப் பார்த்து, கிராமத்துப் பெண்கள் தங்கள் கைப்பக்குவத்தில் மாற்றிக்கொண்டது என்று சொல்கிறார்கள். மாற்றியபோது அதற்கு ஒரு வேலையும் கொடுத்தார்கள். கைக்குட்டை பையன் கைக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போது அவன் அதைக் கோட்டுப் பையில் முனை தெரியச் செருகியோ கழுத்தில் கட்டியோ வந்தால், அவனுக்குச் சம்மதம். ஊர் முழுக்கப் பார்த்துவிடும். போடாமல் வந்தாலோ திருப்பிக் கொடுத்தாலோ பேச்சு முடிந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெண் வாய் திறந்து "எனக்கு இவனைப் பிடிச்சிருக்கு" என்று சொல்ல முடியாத காலம். மாதக்கணக்கில் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்ததை, அவன் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம். அத்தனை பேர் முன்னால் அந்த அவமானம் வரலாம் என்று தெரிந்துதான் அவள் முதல் வார்த்தையைத் தைத்தாள். அந்த இதயத்தைச் சின்னப் பிள்ளை வேலை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பழைய கைக்குட்டைகளில் இருந்தது கிராஸ் தையல். பெரும்பாலும் கறுப்பும் சிவப்பும் மட்டும். துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடுகிற தையல் அது. வளைவு படிப்படியாகத்தான் வரும். ஆனால் இடது பக்கம் எத்தனை இழையோ வலது பக்கமும் அத்தனை என்று வைத்தால், இதயம் கோணாது. வரையத் தெரிய வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். பிறகு பெண்களுக்கு வயல் வேலை கூடக் கூட, இழை எண்ண நேரமில்லாமல் போனது. சீக்கிரம் முடிகிற காம்புத் தையலும் நிரப்புத் தையலும் வந்தன. கூடவே பச்சை, நீலம், மஞ்சள் என்று பல நிறமும் வந்தது. நாமும் அப்படித்தானே, பேப்பரை ரெண்டாக மடித்துப் பாதி இதயம் வெட்டி, கார்பனில் வரைந்துகொள்கிறோம். நிரப்பும்போது மட்டும் நடுவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பக்கமாகப் போங்கள். ஓரத்தில் ஆரம்பித்தால் நூல் சாய்ந்துவிடும்.

இனி எழுத்துக்கு வருகிறேன். 1900இல் போர்ச்சுகலில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெண்களில் இன்னும் அதிகம். எழுத்துகளைத் தைத்துப் பழகும் மாதிரித் துணியில்தான் பலர் எழுத்தையே முதலில் பார்த்தார்கள். அதனால் காதில் கேட்டதைக் கேட்டபடி தைத்தார்கள். அந்தப் பக்கத்துப் பேச்சில் 'வ' சத்தம் 'ப' மாதிரி ஒலிக்கும். துணியிலும் அப்படியே வந்தது. ஒரு சொல்லின் பாதி ஒரு வரியிலும் மீதி அடுத்த வரியிலும் இருக்கும், இடம் போதாமல். 19ஆம் நூற்றாண்டில் பிழைப்புக்காக மின்யோ ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி பிரேசிலுக்குப் போனார்கள். போகிறவன் பெட்டியில் வைத்த கைக்குட்டையிலும் அதே பிழைகள்தான் போயின.

கடையில் விலைக்குத் துணி வாங்கும் காலம் வந்ததும் பழக்கம் தேய்ந்தது. கைக்குட்டைகள் பாட்டிமார் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. 1980களின் கடைசியில் வீலா வெர்டி என்ற ஊரில் ஒரு கைவினைக் கூட்டுறவு அமைந்தது. பழைய கைக்குட்டைகளைத் தேடிச் சேர்த்து, அவற்றைப் பார்த்து மறுபடி தைக்க ஆரம்பித்தார்கள். இப்போது அசல் கைவேலைக்குச் சான்று முத்திரையும் இருக்கிறது. மெஷினில் போட்ட இதயத்துக்கு அது கிடைக்காது. பீங்கான் தட்டிலும் பையிலும் அந்த டிசைனை அச்சடித்து விற்கிறவர்களும் நிறைய. அதில் ஊசி பிடித்தவளுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

எனக்குப் பிடித்தது வேறொன்று. மறுபடி தைக்கும்போது அந்தப் பிழைகளை அவர்கள் திருத்தவில்லை. இன்றைக்குத் தைக்கிற பெண்கள் பள்ளிக்கூடம் போனவர்கள், சரியான எழுத்து தெரிந்தவர்கள். இருந்தும் பாட்டி விட்ட எழுத்தை விட்டபடியே தைக்கிறார்கள்.

எங்கள் குழுவின் முதல் தீர்மான நோட்டை இன்னும் வைத்திருக்கிறோம். பாதிப் பக்கம் கைரேகை, மீதி கையெழுத்து. அதில் என் அம்மா போட்ட கையெழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும். போன மாதம் அதை ட்ரேஸ் எடுத்து ஒரு தலையணை உறையில் சிவப்பு நூலில் தைத்தேன், பக்கத்தில் ஒரு இதயம். புள்ளி வைக்கவில்லை.